பிறவியில் தோன்றும் நீல வீக்கம்: சிரை உருவக் கோளாறும் அதற்குரிய சிகிச்சையும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

சங்கங்களின் கணக்கைச் சரிபார்ப்பவன் நோயைப் பற்றி எழுத வந்ததேன் என்று வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். அதற்குக் காரணம் ஒரு கடன் பத்திரம்.

கொல்லிமலையில் உள்ள மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தவணை கடந்த கடன்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். மிளகுக் கொடிகளுக்கு உரமிடுவதற்காகக் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஒரு தவணையும் செலுத்தியிருக்கவில்லை. கடன் பெற்ற நோக்கத்திற்கே பணம் செலவிடப்பட்டதா என்று நேரில் பார்த்து எழுத வேண்டியது என் கடமை. ஆகவே சங்கச் செயலாளருடன் அவர் தோட்டத்திற்குச் சென்றேன். கொடிகள் உரம் காணாமல் வெளுத்துக் கிடந்தன. அவர் எதையும் மறைக்கவில்லை. "ஐயா, உரத்துக்கு வாங்கிய பணம் பிள்ளையின் கைக்குப் போய்விட்டது" என்றார்.

வீட்டுத் திண்ணையில் ஒன்பது வயதுச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். வலது முன்கையைத் தாவணித் துணியால் சுற்றியிருந்தாள். தாய் அதை அவிழ்த்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலம் பாரித்த மெத்தென்ற வீக்கம். அதன் நடுவே ஆறிய வெட்டுத் தழும்பு ஒன்று. பிறந்த நாளில் ஒரு நாவற்பழ அளவே இருந்ததாம். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததால் நேர்ந்தது என்று ஊரார் சொன்னார்கள். அந்தப் பழியை ஒன்பது ஆண்டுகள் தாய் சுமந்திருக்கிறார். வீக்கம் வளர்ந்து வலி கண்டபோது, சமவெளியில் மருத்துவப் படிப்பில்லாத ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் அதைச் சீழ்க்கட்டி என்று எண்ணிக் கத்தியால் கீறிவிட்டார். சீழ் வரவில்லை, இரத்தம் நிற்கவும் இல்லை. 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததால் குழந்தை பிழைத்தாள்.

கடன் நோக்கம் மாறியதை அறிக்கையில் எழுதத்தான் வேண்டும், எழுதினேன். ஆயினும் அந்த வரியை எழுதியபின் மனம் அமைதி கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்திற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே யாரேனும் பத்து நிமிடம் விளக்கிச் சொல்லியிருந்தால், அந்தக் கத்தியும் அந்தச் செலவும் அந்தப் பழியும் நேர்ந்திராவே என்று தோன்றிற்று. மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை, அங்கத்தினர்களின் பயன் கருதி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வாய்க்காலும் வடிகாலும்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். கையிலும் காலிலும் பச்சையாகவும் நீலமாகவும் ஓடுவதை நாம் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் நரம்பு என்பது உணர்ச்சியைக் கடத்துவது. அதில் இரத்தம் ஓடுவதில்லை. தோலுக்குக் கீழே நீலமாகத் தெரிவது இரத்தக் குழாய். அதற்குச் சிரை என்று பெயர்.

இதயத்திலிருந்து இரத்தத்தை உறுப்புகளுக்கு எடுத்துச் செல்லும் குழாய் தமனி. அதில் வேகமும் அழுத்தமும் மிகுதி. மணிக்கட்டில் விரல் வைத்தால் துடிப்பது அதுவே. உறுப்புகளில் பாய்ந்த இரத்தத்தை மீண்டும் இதயத்திற்குக் கொண்டு சேர்ப்பது சிரை. படிக்கட்டு வயல்களில் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால் ஒன்று, வடித்து விடும் வடிகால் வேறொன்று என்பதை மலை உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமனி வாய்க்கால், சிரை வடிகால். வடிகாலில் ஓட்டம் மெதுவானது. காலிலுள்ள இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால், சிரைகளுக்குள்ளே ஆங்காங்கே சிறு தடுக்கிதழ்கள் உண்டு. அவை இரத்தத்தை மேலே செல்லவிடும், கீழே திரும்பவிடா. சிரையின் சுவரிலே தசையிழைகளும் உண்டு. அவை குழாயைத் தளர்ந்து விரியாமல் கட்டிக் காக்கின்றன.

ஆண்டுக்கணக்கில் நின்றும் காலைத் தொங்கவிட்டும் வேலை செய்வோருக்குக் கெண்டைக்காலில் சிரைகள் புழுப்போலப் புடைத்துச் சுருள்வதுண்டு. நரம்புச் சுருட்டு என்று மக்கள் கூறும் அந்த நோய், நல்ல நிலையில் உருவான சிரை பிற்காலத்தில் பழுதுபட்டு வருவது. அதில் உடற்கூறுக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு. இக்கட்டுரையின் பொருள் அதுவன்று. இங்கே சொல்லவிருப்பது, கருவில் குழந்தை உருவாகும்போதே சிரைகள் சரிவர அமையாமற் போகும் கோளாறு. மருத்துவமனைச் சீட்டில் இதை 'வீனஸ் மால்ஃபார்மேஷன்' என்று எழுதுவார்கள். நாம் சிரை உருவக் கோளாறு என்று சொல்வோம்.

நெசவில் நேர்ந்த பிழை

துணியில் இருவகைக் குறை உண்டு என்பதை நெசவாள அன்பர்கள் அறிவார்கள். நெய்து முடித்த சேலை முள்ளில் மாட்டிக் கிழிவது ஒன்று. பாவு பிணைக்கும்போதே ஓர் இழை தவறி, அச்சு வழியே அந்தத் தவறு நெடுகவே வந்து, துணியோடு துணியாக நெய்யப்பட்டுவிடுவது மற்றொன்று. சிரை உருவக் கோளாறு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இது காயத்தால் வந்ததன்று, ஒட்டுவாரொட்டியன்று, புற்றுநோயும் அன்று.

அவ்விடத்திலுள்ள சிரைகளின் சுவரில் தசையிழைகள் குறைந்தும் ஒழுங்கற்றும் இருக்கும். ஆகவே அவை மெலிந்து, பை பையாக விரிந்து, கடற்பஞ்சுபோல ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும். கரை சரியில்லாத வடிகாலில் நீர் தேங்குவது போல அவற்றில் இரத்தம் தேங்கும். குழந்தை வளர வளர இதுவும் உடன் வளரும், தானாக மறைவதில்லை. பூப்பெய்தும் பருவத்திலும் கர்ப்ப காலத்திலும் சிலருக்கு விரைந்து பெருகும்.

பத்தாயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இக்கோளாறு இருக்கும் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. கொல்லிமலையின் மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. அக்கணக்கின்படி இம்மலையில் மட்டுமே நான்கு முதல் எட்டுப் பேர் வரை இருக்கக்கூடும். இவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினருக்குத் தலை, முகம், கழுத்திலும், அதே அளவினருக்குக் கை கால்களிலும், எஞ்சியோருக்கு உடற்பகுதியிலும் இது அமைகிறது.

பிழை எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது பெருமளவு தெரிந்துவிட்டது. சிரையின் உட்சுவர் அணுக்களுக்கு எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ஆணை கொண்டுசெல்லும் 'டை-2' என்னும் புரதம் ஒன்றுண்டு. சில குடும்பங்களில் தலைமுறையாக வரும் இக்கோளாற்றுக்கு அந்தப் புரதத்தின் மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்று 1996-இல் கண்டறியப்பட்டது. பரம்பரையில் இல்லாமல் தனியொருவருக்கு வருவதிலும் அதே மரபணு மாறியிருப்பதை, பெல்ஜியத்தில் பணியாற்றும் மீக்கா விக்குலா குழுவினர் 2009-இல் கண்டார்கள். இத்தகையோரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இம்மாற்றம் உண்டு. 'பிக்-3-சி-ஏ' என்னும் வேறொரு மரபணுவில் நேரும் மாற்றம் இன்னொரு பகுதியினருக்குக் காரணம் என்று 2015-இல் தெரியவந்தது.

இங்கே தாய்மார்கள் ஒன்றை நன்கு உணர வேண்டும். பெரும்பாலானோரிடம் இம்மாற்றம் தாய் தந்தையரிடமிருந்து வருவதன்று. கரு வளரும்போது ஏதோ ஓர் அணுவில் தற்செயலாக நேர்ந்து, அந்த அணுவிலிருந்து பெருகிய பகுதியில் மட்டும் தங்கிவிடுவது. கிரகணமும் காரணமன்று, தாய் உண்டதும் காரணமன்று, பார்த்ததும் பயந்ததும் காரணமல்ல. தறியில் உட்கார்ந்தவர் கவனமாக நெய்தும் ஓர் இழை அறுவதுண்டு. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது? ஒரு பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரும் என்று அஞ்சவும் பொதுவாக இடமில்லை. குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ, ஒருவருக்கே உடலில் பல இடங்களில் இருந்தாலோ அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அறிந்துகொள்ளும் வழி

வீக்கம் மெத்தென்று இருக்கும். தோலுக்கு அருகில் இருந்தால் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். ஆழத்தில் இருந்தால் நிறம் தெரியாமலும் இருக்கலாம். விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெல்ல நிறையும். கையை உயர்த்தினால் வற்றும், தொங்கவிட்டால் பெருக்கும். முகத்தில் இருந்தால் குழந்தை அழும்போதும் குனியும்போதும் பருக்கும். தொட்டால் சூடு இராது, துடிப்பும் இராது. உள்ளே அரிசி அல்லது பட்டாணி போன்ற கடினமான மணிகள் தட்டுப்படலாம். தேங்கிய இரத்தம் உறைந்து, அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து உண்டான கற்கள் அவை.

இதனோடு வேறு சிலவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. பிறந்து சில வாரங்களில் செம்புள்ளியாகத் தோன்றி, முதல் ஆண்டிலே விரைந்து பருத்து, பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே சுருங்கும் சிவந்த கட்டி ஒன்றுண்டு. அது 'ஹெமாஞ்சியோமா'. அதுவும் இதுவும் வெவ்வேறு என்பதை பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜான் முல்லிகனும் ஜூலி குளோவாக்கியும் 1982-இல் அணுக்களை ஆராய்ந்து தெளிவாக்கினார்கள். முன்னது அணுக்கள் பெருகும் கட்டி. பின்னது உருவம் பிறழ்ந்த குழாய். பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும். இதய நோய்க்குத் தரப்படும் 'புரொப்ரனலால்' மருந்து ஹெமாஞ்சியோமாவைச் சுருக்குகிறது என்பதை 2008-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் அறிவித்தார்கள். இன்று அதுவே அந்நோய்க்கு முதல் மருந்து. ஆனால் சிரை உருவக் கோளாற்றுக்கு அது பயன்படுவதில்லை. அவ்வாறே, சிவந்த கட்டி தானே மறைந்த கதையைக் கேட்டு, நீல வீக்கமும் மறையும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை.

தொட்டால் சூடாக இருந்து, விரலுக்குத் துடிப்போ அதிர்வோ தெரிந்தால் அது தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிட்ட வேறு வகை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு நேரே வடிகாலில் பாய்வது போன்றது. அதற்குரிய சிகிச்சை வேறு. காலந்தாழ்த்தாது பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

வலி எதனால்?

இக்கோளாறு உள்ள குழந்தைகள் காலையில் எழுந்ததும் வலி என்பார்கள். ஓடியாடிய பின்பும் வலி என்பார்கள். பள்ளிக்கு மட்டம் போடச் சொல்வதாகப் பெற்றோர் நினைப்பதுண்டு. அது தவறு. ஓடாத நீரில் பாசி பிடிப்பது போல, ஓடாத இரத்தம் உறையும். உறைந்த இடத்தில் வீங்கி, கடினமாகி, சில நாள் வலிக்கும்.

இதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. பெரிய வீக்கத்திற்குள்ளே இரத்தம் ஓயாமல் உறைவதும் கரைவதுமாக இருந்தால், இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் அங்கேயே செலவாகிவிடும். பிறகு வெட்டுக்காயம் பட்டாலோ அறுவை செய்தாலோ, இரத்தம் நிற்பதற்கு வேண்டிய பொருள் கையிருப்பில் இராது. சங்கத்தின் சேமிப்பை ஒருவரே எடுத்துத் தீர்த்துவிட்டால் அவசரத்துக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவது போன்ற நிலை. 'டி-டைமர்', 'ஃபைப்ரினோஜன்' என்னும் இரண்டு இரத்தப் பரிசோதனைகள் இதைக் காட்டிவிடும். திண்ணையிலிருந்த அந்தச் சிறுமிக்கு இரத்தம் நிற்காமற் போனதில் இதற்கும் பங்கிருந்திருக்கலாம் என்று மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார்.

முழங்காலையொட்டி இருந்தால் மூட்டுக்குள் கசிந்து மூட்டைப் பழுதாக்கலாம். நாக்கிலும் தொண்டையிலும் இருந்தால் மூச்சுக்கும் உணவுக்கும் இடையூறாகலாம். தோலில் பல சிறு நீலக் கொப்புளங்களோடு இரத்த சோகையும் இருந்தால், குடலிலும் அவை இருந்து கசியக்கூடும். இரும்புச் சத்து மாத்திரை மட்டும் தின்றுகொண்டிராமல் அதையும் ஆராய வேண்டும்.

செய்யலாகாதவை

எக்காரணம் கொண்டும் வீக்கத்தைக் கீறவோ குத்தவோ விடலாகாது. சூடு போடலாகாது. பச்சிலை வைத்து இறுகக் கட்டலாகாது. வேகமாக உருவிவிடலாகாது. அந்தக் கையிலோ காலிலோ ஊசி போடுமுன் செவிலியரிடம் வீக்கத்தைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவைக்கு முன்பும் அவ்வாறே சொல்ல வேண்டும். பெண்கள் கருத்தடை மாத்திரை தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். சில மாத்திரைகள் இரத்தம் உறைவதை மிகுதிப்படுத்தும். கருவுற்றதும் முதல் பரிசோதனையிலேயே இதைப் பதிவு செய்துகொள்வது நலம்.

காயம் பட்டு இரத்தம் வந்தால், சுத்தமான துணியை மடித்து வைத்து, விடாமல் அழுத்திப் பிடித்து, அந்த உறுப்பை இதயத்திற்கு மேலாக உயர்த்த வேண்டும். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். நிற்காவிட்டால் அழுத்தியபடியே 108-ஐ அழைக்க வேண்டும். கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளும் இறங்கியாக வேண்டியவர்கள் நாம். ஆதலின் காத்திருந்து பார்ப்போம் என்று இருந்துவிடலாகாது.

பரிசோதனை

மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் கண்டுகொள்வார். அதன்பின் 'டாப்ளர் ஸ்கேன்' எடுப்பார்கள். ஒலியலைகளைச் செலுத்திக் குழாய்களையும் அவற்றிலுள்ள ஓட்டத்தையும் காட்டும் கருவி அது, வலி இல்லை, ஊசியும் இல்லை. வீக்கம் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது, தசையையும் மூட்டையும் தொட்டிருக்கிறதா என்று அறிய 'எம்.ஆர்.ஐ.' படம் தேவைப்படும். மேலே தெரிவது சிறிதாகவும் உள்ளே இருப்பது பெரிதாகவும் இருப்பது இக்கோளாற்றின் இயல்பு. படம் பாராமல் வெட்டப் புகுவதன் ஆபத்து இதிலிருந்தே விளங்கும். இவற்றோடு மேலே கூறிய இரத்தப் பரிசோதனைகளும் சேர்ந்தால் நோயின் முழுக் கணக்கும் கைக்கு வந்துவிடும்.

சிகிச்சை முறைகள்

முதலிலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்கோளாற்றை அடியோடு நீக்குவது சிலருக்கே இயலும். பெரும்பாலோருக்கு வலியைக் குறைப்பதும், அளவைக் குறைப்பதும், உறுப்பை வேலை செய்ய வைப்பதுமே நோக்கம். முற்றிலும் மறையச் செய்கிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. சிறியதாய், வலியின்றி, இடையூறின்றி இருந்தால் சிகிச்சையே வேண்டாம். ஆண்டுதோறும் காட்டி வந்தால் போதும்.

அழுத்தக் காலுறையும் கையுறையும்: கை கால்களில் உள்ள வீக்கத்திற்கு இதுவே முதற்படி. ரப்பர்த் தன்மையுள்ள இழையைச் சேர்த்துப் பின்னப்பட்ட உறை இது. கணுக்காலில் இறுக்கம் மிகுதியாகவும், மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்குமாறு பின்னியிருப்பார்கள். தளர்ந்த சிரைக்கு வெளியிலிருந்து ஒரு கரை கட்டிக் கொடுப்பதாகக் கொள்ளலாம். தேக்கம் குறைவதால் வலியும் உறைதலும் குறையும். ஆனால் அளவெடுத்தே வாங்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். பகலில் அணிந்து படுக்கும்போது கழற்றுவது வழக்கம். குழந்தை வளர்ந்தால் மாற்ற வேண்டும். நூலின் இழுவிசை தளர்ந்தபின் அணிவதால் பயனில்லை என்பதை நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை.

மாத்திரையும் ஊசிமருந்தும்: உறைதலால் வலி மிகுந்தால் சிறிய அளவில் ஆஸ்பிரினோ, உறைதலைத் தடுக்கும் 'ஹெப்பாரின்' வகை ஊசியோ மருத்துவர் தரக்கூடும். கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்தானது.

உள்ளே மருந்து செலுத்திச் சுருக்குதல்: 'ஸ்கிளீரோதெரபி' என்னும் இம்முறையே இன்று பெரும்பான்மையோருக்குச் செய்யப்படுகிறது. ஒலியலைக் கருவியில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை வீக்கத்தின் பைகளுக்குள் செலுத்துவார்கள். முதலில் சாயமருந்து விட்டு எக்ஸ்-ரே திரையில் ஓட்டத்தைக் கவனிப்பார்கள். மருந்து பெரிய சிரைக்குத் தப்பி ஓடாது என்று உறுதியான பின்னரே சுருக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். அது பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது சுவர்கள் ஒட்டிக்கொண்டு தழும்பாகிச் சுருங்கும். 'சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட்', 'பாலிடொக்கனால்' ஆகியவற்றைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் செலுத்துவதுண்டு. கலப்பற்ற சாராயம் மிக வலிய மருந்து. ஆனால் தோலையும் நரம்பையும் பழுதாக்கக்கூடியது என்பதால் மிகுந்த கவனத்துடன் பயன்படுத்துவார்கள். வீக்கம் பெருகினால் மூச்சு அடைபடக்கூடிய இடங்களில், அதிகம் வீங்கச் செய்யாத 'பிளியோமைசின்' பயன்படுகிறது. நுரையீரலைப் பாதிக்கும் இயல்பு அதற்கு இருப்பதால் மொத்த அளவுக்கு வரம்பு உண்டு.

சிகிச்சை செய்த பின் முதல் ஒன்றிரண்டு வாரம் வீக்கம் முன்னைவிடப் பெருத்திருக்கும். இதை அறியாத பெற்றோர், நோய் முற்றிவிட்டது என்று அஞ்சி மறுமுறை வராமல் நின்றுவிடுகிறார்கள். அது தவறு. சுருக்கம் தெரிய வாரங்கள் செல்லும். பெரிய வீக்கத்திற்குச் சில வார அல்லது சில மாத இடைவெளியில் பல முறை செய்ய வேண்டியிருக்கும். முதல் இரண்டு நாளில் சிறுநீர் கறுத்துப் போனாலோ, தோல் கறுத்துக் கொப்புளித்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

அறுவையும் லேசரும்: எல்லை தெளிவாக உள்ள சிறிய வீக்கத்தை முழுதும் அகற்றிவிடலாம். பெரியதை முன்னதாகச் சுருக்கிவிட்டு அறுப்பதும் உண்டு. அரைகுறையாக அறுத்தால் மிஞ்சிய பகுதி மீண்டும் விரிந்துகொள்ளும். உதடு, வாய் ஆகியவற்றின் மேற்பரப்பிலுள்ள சிறிய வீக்கங்களுக்கு லேசர் ஒளி பயன்படுகிறது.

மண்ணிலிருந்து வந்த மருந்து

பரந்து விரிந்து, ஊசிக்கும் கத்திக்கும் கட்டுப்படாத கோளாற்றுக்கு உட்கொள்ளும் மருந்து ஒன்று இப்போது உண்டு. அதன் கதை உழவர்களுக்கு உவப்பாக இருக்கும். 1964-இல் கனடா நாட்டிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவுக்குச் சென்று அங்கிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. அம்மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருளை, மாண்ட்ரியல் நகர ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சுரேந்திரநாத் சேகல் என்னும் விஞ்ஞானி 1972-இல் பிரித்தெடுத்தார். அவர் அன்றைய பஞ்சாபில் பிறந்து காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தீவின் உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி. ஆகவே மருந்துக்கு 'ராப்பாமைசின்' என்று பெயர் வந்தது. 'சிரோலிமஸ்' என்பதும் அதுவே.

சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களுக்காக 1999-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இம்மருந்து, பின்னர் இரத்தக்குழாய்க் கோளாறுகளுக்கும் பயன்படத் தொடங்கிற்று. மாறிய மரபணு 'வளர், வளர்' என்று இடையறாது இடும் ஆணை, அணுவுக்குள் படிப்படியாகக் கைமாறிச் செல்கிறது. அந்த வரிசையில் ஒரு படியை இம்மருந்து அடைத்துவிடுகிறது. வலியும் கசிவும் உறைதலும் பலருக்குக் குறைகின்றன. எனினும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும், வாய்ப்புண் உண்டாக்கும் என்பதால் இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துக்கொண்டே தர வேண்டும். நிறுத்தினால் தொல்லை திரும்பலாம். 'பிக்-3-சி-ஏ' மாற்றத்தால் உறுப்புகள் மிகையாக வளரும் நோய்களுக்கு 'ஆல்பெலிசிப்' என்னும் மருந்து 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எங்கே செல்வது?

மலையிலுள்ளோர் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செம்மேடு அரசு மருத்துவமனையிலோ காட்டி, பரிந்துரைச் சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இரத்தநாள அறுவைக்கெனத் தனித் துறைகள் உண்டு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் சிறார் நலக் குழுவினரிடம் குழந்தையின் வீக்கத்தை மறைக்காமல் காட்ட வேண்டும். பிறவிக் குறைகளைக் கண்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது, 2013-இல் தொடங்கிய அத்திட்டத்தின் பணிகளில் ஒன்று.

2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கட்டும். இல்லாதவர்கள் கிராம நிருவாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். நோய் வந்தபின் ஓடுவதைவிட அறுவடை முடிந்த ஓய்வு நாளில் போய் வருவது எளிது. மருத்துவமனையில் சேர்ந்ததும், செலவு செய்வதற்கு முன்பாகவே, அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

அந்தச் சிறுமிக்கு இதுவரை மூன்று முறை மருந்து செலுத்தியிருக்கிறார்கள். வீக்கம் முழுவதும் போகவில்லை, பாதிக்குமேல் வற்றியிருக்கிறது. சென்ற முறை நான் போயிருந்தபோது அழுத்த உறை அணிந்த கையாலேயே மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். துணி சுற்றி மறைக்கவில்லை. சிகிச்சைக்குப் பெருந்தொகை செலவாகவில்லை என்று தந்தை சொன்னார். பேருந்துக் கட்டணமும், கூலி இழந்த நாட்களும், மருத்துவமனை வாசலில் சாப்பாட்டுச் செலவுமே பாரம். உரக்கடன் கரைந்தது சிகிச்சைக்கு அன்று. கத்தி வைத்தவருக்கும் மந்திரித்தவருக்கும்.

சங்கங்கள் தம் இலாபத்தில் பொது நலத்துக்கென ஒதுக்கும் நிதி உண்டு. விதிகளுக்கு உட்பட்டு, இத்தகைய நோயாளிகளின் வழிச்செலவுக்கு அதிலிருந்து உதவலாமா என்று நிருவாகக் குழுக்கள் தீர்மானம் கொண்டுவந்து ஆலோசிக்கலாம். தவணை கடந்த கடனைக் கேட்கப் போகும் செயலாளர்கள், ஏன் கட்டவில்லை என்பதோடு வீட்டில் யாருக்கேனும் உடல்நலக் குறைவா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். அந்த அங்கத்தினருக்குத் தவணை நீட்டிப்புக் கிடைத்தது. இவ்வாண்டு மிளகு விற்றதும் முதல் தவணையைச் செலுத்தியிருக்கிறார். ரசீதை நானே சரிபார்த்தேன்.

இதைப் படிக்கும் அன்பர்கள் தம் தெருவிலோ, தறிக்கூடத்திலோ, சோளக்காட்டுச் சந்தையிலோ இத்தகைய நீல வீக்கமுள்ள பிள்ளை ஒன்றைக் கண்டால், பெற்றோரிடம் இரண்டு செய்தி சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். இது யார் குற்றமும் அன்று. இதைக் கீறாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.